டெல்டன் பேசிய நாள்

ஆர்லீத்தா பைனம் பேச ஆரம்பித்தால் ஜூனிப்பர் ஆறு மெதுவாக ஓடும் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அது பொய். ஜூனிப்பர் ஆறு எப்போதுமே மெதுவாகத்தான் ஓடும். வட கரோலினாவின் கீழ்க்கோடியில் எந்த ஆற்றுக்கும் அவசரம் என்று ஒன்று கிடையாது. ஆனால் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கரடி வண்டிக்குள் ஏறிவிட்டது உண்மை. அவள் ஓட்டுநர் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து அதனிடம் பேசினாள். கரடி கடைசிவரை கேட்டது. பிறகு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த முறைப்படியே, பின்பக்க அவசரக் கதவு வழியாக ஒழுங்காக இறங்கிப் போனது. பார்த்த பிள்ளைகளெல்லாம் இப்போது தலை நரைத்து அதே ஊரில்தான் இருக்கிறார்கள். கேட்டுக்கொள்ளலாம்.

டெல்டன் பேட்ரிக் இதற்கு நேர் எதிர். அவன் ஆற்றுச்சனத்தைச் சேர்ந்தவன். வெள்ளைக்காரன் கப்பல் கட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பிருந்தே அந்தக் கரையில் இருக்கும் பழங்குடி. காட்டுக்கு நெருப்பு விடுவது அவன் வேலை. பைன் காட்டில் சில வருடங்களுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் தரையோடு நெருப்பு ஓட வேண்டும். ஓடாவிட்டால் முள்ளும் புதரும் ஏறிக் காடு மூச்சுமுட்டிச் செத்துவிடும். அந்த நெருப்பை நாய்க்குட்டி மாதிரி நடத்திக்கொண்டு போகத் தெரிந்த ஆள் டெல்டன். பேச மட்டும் வராது. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்குத் தலையை ஆட்டினான். வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார் பாதிரியார். விருந்து ஆறிப்போனது. கடைசியில் மணப்பெண் ரோவீனாதான், "அவருக்குச் சம்மதம், பாஸ்டர். எனக்குக் கேட்டுச்சு. நீங்க மேல படிங்க" என்றாள். அவர்கள் வீட்டு நாயும் குரைக்காது. வந்தவரைப் பார்த்துப் பெருமூச்சு விடும்.

இந்த இரண்டு பேரையும் ஒரே நாளில் எதிரெதிராக நிற்க வைத்தது பெரிய சட்டி.

பெரிய சட்டி என்பது நிதியின் பெயர். பெரும்புயல் அடித்த வருடம் வெளியூரிலிருந்து உதவிகள் வந்தன. கூடவே நிபந்தனைகளும் வந்தன. ஒரு நிறுவனம் கூரை போட்டுத் தந்துவிட்டு, கூரைக்குக் கீழே நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்ளச் சொன்னது. இன்னொன்று, ஆற்றுச்சனத்துக்கு நதியைக் காப்பது எப்படி என்று வகுப்பு நடத்தியது. டெல்டன் அந்த வகுப்பு முழுக்க உட்கார்ந்திருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்து விறகு பிளந்தான், அந்த வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் சேர்த்து. அதன் பிறகுதான் ஆர்லீத்தாவின் ஊரான பைனம் திட்டின் கறுப்பினத்தாரும் ஆற்றுச்சனமும் சேர்ந்து, நம் சட்டியை நாமே ஏற்றுவோம் என்று ஆரம்பித்தார்கள். மீன் விருந்து போட்டார்கள். சோள ரொட்டிக்கு நடுவே காலர்ட் கீரையும் பன்றிக் கொழுப்பும் வைத்து விற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காணிக்கையில் ஒரு பங்கு வந்தது. பிறகு வெளியூர்ப் பணக்காரர்கள் சிலரும் போட முன்வந்தார்கள்.

போடலாம். ஆனால் யாருக்குக் கொடுப்பது, எந்த நிலத்துக்கு, எந்த வேலைக்கு என்பதை ஊர்தான் முடிவு செய்யும். அதிகம் போட்டவருக்குக் கூட்டத்தில் வாய் கிடையாது. அவர் சாப்பிடலாம், பிறகு பாத்திரம் கழுவ வேண்டும். கூட்டத்தில் கை தூக்குவதும் கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேச்சு நடக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய வழக்கம் இது: தனக்கு வேண்டியதைத் தானே கேட்கக் கூடாது. கறுப்பினத்தார் கேட்பதை ஆற்றுச்சனத்தில் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். ஆற்றுச்சனம் கேட்பதைக் கறுப்பினத்தாரில் ஒருவர். யார் யாருக்குப் பேசுவது என்று முடிதிருத்தகம் வைத்திருக்கும் ஓடெல் தன் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுப்பார். அவர்தான் கூட்டத் தலைவர். கத்தியை வந்தவர் கழுத்தில் வைத்துக்கொண்டு பேசிப் பழகியவர் என்பதால் அவர் பேச்சை யாரும் தட்டுவதில்லை.

அந்தக் குளிர்காலக் கடைசியில் கேட்பு இரண்டு. சட்டியில் இருந்தது ஒன்றுக்குத்தான் காணும்.

ஒன்று, நெருப்பு வண்டி. டெல்டனின் கூட்டம் வைத்திருந்த தண்ணீர் லாரி பழசாகிவிட்டது. டாங்கி ஒழுகும். பம்பு, உதைத்தால் ஓடும், சமயத்தில் உதைத்தாலும் ஓடாது. அதனால் மூன்று குளிர்காலமாகப் பாதிக் காட்டுக்கு நெருப்பு விட முடியவில்லை.

இன்னொன்று, பைனம் காடு.

அந்தக் காட்டை அடிமைத்தனம் முடிந்த கையோடு வாங்கியவர் ஆர்லீத்தாவின் கொள்ளுத்தாத்தா. உயில் எழுதவில்லை. எழுதிக் கொடுக்கிற வக்கீல் எவரையும் நம்ப அவருக்குக் காரணம் இல்லை. நிலம் பிரிக்காமலே வழிவழியாக வந்தது. பங்காளிகள் பெருகிப் பல ஊர்களுக்குப் போனார்கள். டெட்ராய்ட்டில் இருந்த ஒருவன், ஊரையே பார்க்காதவன், தன் பங்கை விற்றான். வாங்கியவன் நீதிமன்றத்துக்குப் போனான். பிரிக்க முடியாத சொத்து என்று மொத்தத்தையும் ஏலம் விட்டார்கள். எடுத்தவர் ராலே நகரத்து தாக்ஸ்டன். இப்போது அவர் அதை விற்கப் போகிறார். வாங்க வருகிறவர்கள் கோல்ஃப் மைதானம் போடுகிறவர்கள். கூட்டம் நடக்கும் அதே சனிக்கிழமை பிற்பகல் பார்க்க வருகிறார்கள். அவர்கள் பார்த்துவிட்டால் முடிந்தது.

காட்டுக்கு நடுவில் பைனம்களின் கல்லறைகள் இருந்தன. ஆர்லீத்தாவின் கணவன் லெமுவேலும் அங்கேதான் கிடந்தான். ஏலத்துக்கு முந்தின வருடம் போனவன். லாரி மெக்கானிக். தலைமாட்டில் கல்லுக்குப் பதிலாக சிமெண்டில் இரண்டு முகப்பு விளக்குகளைப் பதித்து வைத்திருந்தாள். ஏலத்துக்குப் பிறகும் முதலில் பண்டிகைக்குப் பண்டிகை தாக்ஸ்டனின் ஆட்கள் கேட்டைத் திறந்துவிடுவார்கள். பிறகு முள்கொடி மூடி, போனாலும் எந்த மேடு யாருடையது என்று தெரியாமல் போயிற்று.

ஓடெல் தொப்பியில் கைவிட்டார். பைனம் காட்டுக்காகப் பேச வேண்டியவர் டெல்டன். நெருப்பு வண்டிக்காக ஆர்லீத்தா.

"வேற சீட்டு எடுங்க ஓடெல்" என்றாள் அவள்.

"சீட்டு கடவுளோட வேலை, மிஸ் ஆர்லீத்தா. நான் வெறும் தொப்பி."

"கடவுளுக்கு டெல்டனைத் தெரியாதா?"

"தெரியும். ஜெபத்துல அவன்கிட்டருந்து மட்டும் தொந்தரவே இல்லைன்னு சந்தோஷமா இருக்காராம்."

அவள் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டாள். தான் நன்றாகப் பேசினால் வண்டி வரும், காடு போகும். லெமுவேலின் மேல் யாரோ பந்தை உருட்டுவார்கள். டெல்டன் பேசிக் காடு கிடைக்கப் போவதில்லை. டெல்டன் பேசவே போவதில்லை. ஆக வழி ஒன்றுதான். அவள் மோசமாகப் பேச வேண்டும்.

அது அவள் அதுவரை செய்திராத காரியம். கண்ணாடி முன்னால் நின்று மோசமாகப் பேசிப் பார்த்தாள். இழுத்தாள், முழுங்கினாள், நடுநடுவே இருமினாள். முடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே தபால்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "அந்த வண்டிய அவங்களுக்குக் குடுத்துருங்க மிஸ் ஆர்லீத்தா, பாவம்" என்றார்.

இன்னும் மோசமாகப் பழக வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது ரோவீனா போன் செய்தாள்.

"ஆர்லீத்தா, ஒன்னு கேக்கணும். டெல்டனுக்கு உடம்பு சரியில்லைன்னு நினைக்கிறேன்."

"என்ன ஆச்சு?"

"பேசுறாரு."

ஆர்லீத்தா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "யார்கிட்ட?"

"பன்னிங்ககிட்ட. காலையில தீனி வைக்கப் போறாரா, வேலியப் புடிச்சுட்டு நின்னு பேசுறாரு. பன்னிங்க பயந்துபோய் திங்கவே மாட்டேங்குது. என்னமோ கெட்ட சேதி சொல்ல வந்திருக்கார்னு நினைக்குதுங்க போல."

"என்ன பேசுறான்?"

"உங்க காட்டப் பத்திதான். கூட்டத்துக்காம். 'லெமுவேல் நல்ல மனுஷன்'ங்கறாரு. அப்புறம் நின்னுடறாரு. அப்புறம் திரும்ப முதல்லருந்து 'லெமுவேல் நல்ல மனுஷன்'. ஒரு வாரமா அதத் தாண்டல. நேத்து வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்கிறாரு. என்னம்மா செய்யட்டும், டாக்டர்கிட்ட காட்டட்டுமா?"

 ஆர்லீத்தா வாயடைத்துப்போனதை ரோவீனா பிறகு ஊரெல்லாம் சொன்னாள், யாரும் நம்பவில்லை.

"காட்டாத. அப்படியே விடு" என்றாள் கடைசியில். போனை வைத்துவிட்டு, கண்ணாடியில் தெரிந்தவளைப் பார்த்து, பேருந்தில் சேட்டை செய்யும் பிள்ளையிடம் சொல்வது போல, "உனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை சர்ச் மண்டபத்துக்கு வெளியே இரும்புச் சட்டி ஏறியது. அந்த ஊர் மீன் குழம்பைக் கிளறக் கூடாது. பன்றிக் கொழுப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், மீன் என்று அடுக்கி, தக்காளி ஊற்றி, மேலே முட்டைகளை உடைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கரண்டியோடு பக்கத்தில் போகிறவர்களை ஓடெல் முறைத்தே விரட்டிவிடுவார்.

அன்று அவருக்கு வேறு கவலை. சட்டியில் நுரை வந்தது.

"மிஸ் வினிஃப்ரெட், போன தடவை சட்டியக் கழுவினது நீங்கதானே?"

வினிஃப்ரெட் பாஸ்டன்காரி. அவள் தாத்தா கப்பல் கம்பெனி வைத்திருந்தவர். சட்டியில் போட்டவர்களிலேயே அதிகம் போட்டது அவள்தான்; ஆகவே கழுவியதிலும் அதிகம் கழுவியது அவள்தான்.

"ஆமா. நல்லா தேய்ச்சேன்."

"இரும்புச் சட்டிக்குச் சோப்பு போட்டீங்களா?"

"கொஞ்சம்தான்."

ஓடெல் வானத்தைப் பார்த்தார். "எங்கப்பா காலத்துலேருந்து ஏறின எண்ணெய், அம்மா. அது சட்டி இல்ல, சொத்து. கொஞ்சம்தான்னு சொல்லிட்டாங்க."

"நான் புதுசு வாங்கித்…"

"கூட்ட நாள்ல உங்களுக்கு வாய் கிடையாது" என்று நினைவுபடுத்தினார் ஓடெல். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு நகர்ந்தாள். நல்லவள். கற்றுக்கொண்டிருந்தாள்.

குழம்பு கொதிக்கட்டும் என்று கூட்டத்தை ஆரம்பித்தார்கள். முதலில் ஆர்லீத்தா எழுந்தாள்.

அந்தப் பேச்சை அப்படியே திருப்பிச் சொல்ல யாராலும் முடியாது. கேட்டவர்களுக்கு நினைவிருப்பது, ஒழுகும் டாங்கியிலிருந்து விழுந்த சொட்டுகளின் சத்தம் தங்கள் காதில் விழுந்தது என்பதுதான். டெல்டனின் கூட்டம் இடுப்பொடிய வாளியில் தண்ணீர் சுமந்ததை அவள் சொன்னபோது பின்வரிசையில் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நெருப்பு வராத காட்டில் முளைக்க முடியாமல் மண்ணுக்குள் காத்துக்கிடக்கும் விதைகளைப் பற்றிச் சொன்னபோது, மண்டபத்துப் பூச்சாடியிலிருந்த பிளாஸ்டிக் பூக்கள் கொஞ்சம் தலைகுனிந்தன. அது வெயில் சூட்டினால் இருக்கலாம். ஒரு சொல்லைக்கூட அவள் கஞ்சத்தனம் பண்ணவில்லை. பேசி முடித்து உட்கார்ந்தபோது பைனம் திட்டுக்காரர்களே, "வண்டி வாங்கித்தான் ஆகணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காடு போயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அடுத்தது பைனம் காடு" என்றார் ஓடெல். "டெல்டன்."

டெல்டன் எழுந்தான். இஸ்திரி போட்ட சட்டை. கையில் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான். மண்டபம் மூச்சைப் பிடித்தது.

"லெமுவேல் நல்ல மனுஷன்" என்றான்.

நின்றான். கழுத்து நரம்பு புடைத்தது. ரோவீனா உதட்டை அசைத்து அசைத்து அடுத்த சொல்லைக் கொடுக்கப் பார்த்தாள். அவளுக்கும் அது என்னவென்று தெரியாது. வெளியே குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆர்லீத்தாவால் பார்க்க முடியவில்லை. எழுந்து அவனுக்காகத் தானே பேசிவிடலாமா என்று வாய் துறுதுறுத்தது. தனக்காகப் பேசக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது சட்டிப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது நின்று, சதுப்புப் பக்கமாகத் திரும்பியது. டெல்டன் அதைப் பார்த்தான். ஜன்னலுக்குப் போய்க் கையை வெளியே நீட்டினான். திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தான்.

"வடக்குக் காத்து" என்றான். "ஆளுக்கொரு வாரு எடுத்துக்குங்க. வாங்க."

வாரு என்றது சருகு வாரும் கைக்கருவியை. அவன் லாரியில் அது எப்போதும் கட்டுக்கட்டாகக் கிடக்கும்.

"இது பேச்சுல சேத்தியா?" என்று யாரோ கேட்டார்கள்.

ஓடெல் யோசித்தார். "கேட்புக்காரர் எப்படிப் பேசணும்னு நாம ஒன்னும் வச்சிருக்கல. இன்னும் பேசிட்டுத்தான் இருக்கான். எழுந்திருங்க."

இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. வருடா வருடம் தாக்ஸ்டன், காற்று சரியாக வரும் நாளில் தன் காட்டுக்கு நெருப்பு விடலாம் என்று டெல்டனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார். சருகு சேர்ந்தால் காப்பீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மூன்று வருடமாகக் காற்று வந்தது. வண்டியும் ஆட்களும்தான் வரவில்லை. இன்று கூட்டத்துக்கு வந்த அத்தனை பேரும் கைவசம் இருந்தார்கள். ரோவீனா வனத்துறைக்குப் போன் செய்து சொன்னாள். குழம்பை ஈக்களிடம் விட்டுப் போக மாட்டேன் என்று ஓடெல் அடம்பிடித்ததால் சட்டியையும் லாரியில் ஏற்றினார்கள்.

டெல்டன் காட்டின் தென்னோரம் நிறுத்தினான். கையைக் காட்டினான், அவ்வளவுதான். சர்ச் தொப்பிகளோடு அத்தைமார்கள் வரிசையில் நின்று சருகை வாரி மண் கோடு போட்டார்கள். பாத்திரம் கழுவும் கையுறையோடு வினிஃப்ரெட்டும் வாரினாள். கல்லறைகள் இருக்கும் என்று தோன்றிய இடங்களைச் சுற்றி ஆர்லீத்தா தன் கையாலேயே துப்புரவு செய்தாள். முள் அடர்ந்த நடுப்பகுதிக்குள் நுழையவே முடியவில்லை. டெல்டன் சொட்டுச் சொட்டாகத் தீ ஊற்றும் கேனை எடுத்துக்கொண்டு கோட்டோரமாக நடந்தான். நெருப்பு காற்றை எதிர்த்து, முழங்கால் உயரத்தில், புல்லை மேய்வது போல மெல்லப் பின்னால் நகர்ந்தது. பெரிய பைன் மரங்கள் அடிப்பட்டை கறுத்ததோடு சும்மா நின்றன. அவற்றுக்கு அது பழக்கம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, பம்பு நிற்கும்வரை.

மூலையில் ஒரு பட்ட மரம் தீப்பொறியை விசிறியது. பொறி கோட்டைத் தாண்டிப் பக்கத்து நிலத்துச் சருகில் விழுந்தது. டெல்டன் பம்பை உதைத்தான். இன்னொரு தடவை உதைத்தான். டாங்கியிலிருந்த தண்ணீரெல்லாம் வழியிலேயே ஒழுகிப் போயிருந்தது. நெருப்பு கால் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தது.

"ஓடெல்! சட்டி!" என்று கத்தினாள் ஆர்லீத்தா.

"குழம்பா? இன்னும் ஒருத்தரும் சாப்பிடல!"

"ஓடெல்!"

நாலு பேர் பிடித்துச் சட்டியைக் கவிழ்த்தார்கள். மீன், உருளைக்கிழங்கு, முட்டை, சோப்பு நுரை எல்லாமாக அந்த நெருப்பின் மேல் இறங்கியது. நெருப்பு ஒருமுறை 'புஸ்' என்று சொல்லிவிட்டு அடங்கியது. சோப்பினால்தான் அவ்வளவு சுலபமாக அணைந்தது என்று வினிஃப்ரெட் இன்றுவரை நம்புகிறாள். அந்த மூலையில் அதற்குப் பிறகு ரக்கூன்கள் இரண்டு வருடம் குடும்பத்தோடு வந்து மண்ணை நக்கிக்கொண்டிருந்தன.

புகை சதுப்பைத் தாண்டிப் போன நேரம். கறுத்த தரை. அங்கங்கே இன்னும் புகையும் கட்டைகள். முள் போனதும் கல்லறைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வெள்ளைச் சங்குகள், கவிழ்த்து வைத்த ஜாடிகள், ஒரு பாட்டிலின் நீலக் கழுத்து. ஆர்லீத்தா நடுவுக்கு ஓடினாள். லெமுவேல் இருந்தான். சிமெண்டில் ஒரு விளக்கு முழுசாக அவளைப் பார்த்தது. இன்னொன்று சூட்டில் நொறுங்கியிருந்தது.

"டெல்டன்! சுத்தி எல்லாம் வாரினோம், இங்க மட்டும் நெருப்ப விட்டுட்டியே! அவர் கண்ணப் போக்கிட்டியே!"

டெல்டன் வந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். 

அந்த நேரத்தில்தான் வெள்ளைக் கார் ஒன்று கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. காலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயம்தான் இது. வாரிக்கொண்டிருந்த அவசரத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. இருந்திருந்தால் சர்ச்சுக்காரர்கள், வாங்க வருகிற நாளில் கொளுத்துவது நியாயமா என்று கூட்டம் போட்டிருப்பார்கள். தாக்ஸ்டன் இறங்கினார். பின்னாலேயே கோல்ஃப்காரர், பால் வெள்ளைக் கால்சட்டையில். அவர் கறுத்த நிலத்தைப் பார்த்தார். மூக்கைத் தூக்கினார். கருகிய மீன் வாடை.

"இதுவா அந்தப் பசுமையான இடம்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

தாக்ஸ்டனின் முகம் கட்டையைவிட அதிகமாகப் புகைந்தது. "என்ன பண்ணி வச்சிருக்கீங்க என் காட்ட?"

"உங்க கையெழுத்துதான், மிஸ்டர் தாக்ஸ்டன்" என்றார் ஓடெல்.

தாக்ஸ்டன் காலால் சாம்பலைத் தட்டினார். "இத இனிமே யார் வாங்குவா?"

"நாங்க வாங்கறோம். இந்தக் கரிக்கு என்ன வேணும், சொல்லுங்க."

அவர் சொன்ன விலையைக் கேட்டு மண்டபத்துக் கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடு பட்டது. அந்த விலைக்குக் காட்டை வாங்கிய பிறகும் சட்டியில் ஒரு வண்டிக்குக் காணும்.

இனி ஆர்லீத்தா செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பேசாமல் இருந்தால் போதும். ஆனால் ஏமாற்றி வாங்கிய மண்ணில் லெமுவேலை வைத்துக்கொண்டு அவளால் தூங்க முடியாது. முன்னால் போனாள்.

"மிஸ்டர் தாக்ஸ்டன், கொஞ்சம் கேளுங்க. இது கெட்டுப்போன நிலம் இல்ல. இந்தக் காட்டுக்கு நெருப்புதான் மருந்து. கொஞ்ச நாள்ல புல்லு முளைக்கும், பச்சைக் கம்பளம் மாதிரி. பூ வரும். காடை வரும். இப்ப விக்கறத விட அப்ப வித்தா உங்களுக்கு நல்லது." இன்னும் சொன்னாள். கரடியை இறக்கிய குரலில் சொன்னாள். தன் ஆசைக்கு எதிராகத் தன் வாயின் முழுப் பலத்தையும் வைத்துச் சொன்னாள்.

தாக்ஸ்டன் இரக்கத்தோடு அவளைப் பார்த்தார். "எனக்கு ஆறுதல் சொல்றீங்க. நல்ல மனசு, மிஸ் ஆர்லீத்தா. ஆனா எனக்குக் கண்ணு இருக்கு."

"அவன கேளுங்க. அவன் பொய் சொல்ல மாட்டான். டெல்டன், சொல்லு!"

"முளைக்கும்" என்றான் டெல்டன்.

"பாருங்க, அவரே வார்த்தை வராம நிக்கிறாரு" என்றார் தாக்ஸ்டன். அங்கேயே ஓடெலின் கையைக் குலுக்கினார்.

இப்படியாக, வாழ்க்கையில் முதன்முறையாக ஆர்லீத்தா பைனத்தின் பேச்சு எடுபடவில்லை.

பத்திரம் எழுத நாளானது. வக்கீல்களுக்கும் அந்த ஊர் ஆற்றுக்கும் வேகத்தில் வித்தியாசம் கிடையாது. இந்த முறை நிலம் யார் ஒருவர் பெயரிலும் இல்லை. எந்த ஊர்ப் பங்காளியும் பிய்த்து விற்க முடியாதபடி, பைனம் திட்டும் ஆற்றுச்சனமும் சேர்ந்து காக்கும் அறக்கட்டளையின் பெயரில். கையெழுத்தான அன்று தாக்ஸ்டன் போகிற வழியில் காட்டைக் கடைசியாகப் பார்க்க ஆசைப்பட்டார். ஓடெல் கூட்டிப்போனார். கண்ணுக்கு எட்டிய தூரம் இளம்பச்சைப் புல். பைன்களுக்கு நடுவே மஞ்சளாகப் பூ.

தாக்ஸ்டன் வெகுநேரம் நின்றார். "இது அதே இடமா?"

"அதே இடந்தான்."

"அந்தம்மா சொன்னாங்க."

"சொன்னாங்க. நீங்கதான் அவங்க வார்த்தையக் கேக்காத முதல் ஆளு. கரடியே கேட்டுது" என்றார் ஓடெல்.

புது வண்டி வந்தது. டாங்கி ஒழுகவில்லை. பம்பு, உதைக்காமலே ஓடியது. டெல்டனுக்கு அது கொஞ்ச நாள் சங்கடமாக இருந்தது. வினிஃப்ரெட் சட்டிக்குப் பன்றிக் கொழுப்புத் தடவி அடுப்பில் காய்ச்சிக் காய்ச்சிக் கறுப்பேற்றிக்கொண்டிருந்தாள். ஓடெல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு காலை ஆர்லீத்தா பூக்களோடு காட்டுக்குப் போனபோது கேட்டில் டெல்டனின் பழைய லாரி நின்றிருந்தது. அதற்கு ஒரு கண் இல்லை. உள்ளே, லெமுவேலின் தலைமாட்டில் டெல்டன் முட்டிபோட்டு உட்கார்ந்து ஈர சிமெண்டை விரலால் வழித்துக்கொண்டிருந்தான். நொறுங்கிய விளக்கு இருந்த இடத்தில் லாரியின் முகப்பு விளக்கு உட்கார்ந்திருந்தது. அளவு கொஞ்சம் பெரிசு. லெமுவேல் ஒரு புருவத்தை உயர்த்திப் பார்ப்பது போல இருந்தது.

அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். கொண்டுவந்த பூக்களை மேட்டின் மேல் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"டெல்டன், உண்மையச் சொல்லு. அன்னிக்கு அந்தக் கார் வர்ற நேரத்துக்கு வேணும்னேதான் கொளுத்தினியா?"

டெல்டன் விளக்கின் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தான். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான்.

"காத்து நல்லா இருந்துச்சு" என்றான்.

லாரியை நோக்கி நாலடி போனவன் நின்று திரும்பினான். இன்னும் ஏதோ பாக்கி இருப்பது போலத் தொப்பியைத் திருகினான். ஆர்லீத்தா அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"லெமுவேல் நல்ல மனுஷன்" என்றான் டெல்டன். கழுத்து நரம்பு புடைத்தது. "என் லாரிய மட்டும் அவர் சரியா ரிப்பேர் பண்ணதே இல்ல."